மிளகின் குட்டிமுடி

திருவட்டாறு
9.9.2024, இரவு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பா மூன்று மணிக்கு ரப்பர் வெட்ட எழுந்துவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். போன் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான். என் வகுப்பு சஜ்னாவின் வாப்பா கருங்கலில் கடை வைத்திருப்பதால் இது உன் கைக்கு வரும் என்று நம்புகிறேன்.

அம்மா இன்னும் எழவில்லை. நீ அத்தானோடு போன நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தால் குடிக்கிறாள். பேசுவதில்லை. உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள்.

ஆடி மாதம் தாணுலிங்கம் ஜோசியர் வந்து, மாற்று முடி ஒன்றுகூட இல்லாத கறுப்பு நாய்க்குட்டியை வாசலில் வைத்துத் தொண்ணூறு நாள் சோறு போட்டால் அம்மா எழுந்து நடப்பாள் என்றார். அப்பா குலசேகரத்தில் தேடி ஒரு பெட்டைக்குட்டியைக் கொண்டுவந்தார். உள்ளங்கால்கூடக் கறுப்பு. மிளகு என்று பெயர் வைத்தேன். நீ விட்டுப்போன செருப்பில் ஒன்றை அவள் கடித்துத் தீர்த்துவிட்டாள், மன்னித்துவிடு.

இப்போது அவள் நிறம் மாறுகிறது அக்கா. கண்ணைச் சுற்றி, காதுக்குப் பின்னால், பின்னங்கால் மடிப்பில் செவலை முடி. தடவினால் கறுப்பு முடி கையோடு வருகிறது. நான் போட்ட சோற்றில் ஏதாவது தவறா? நேற்று அப்பா அவளைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூத்தவளும் இப்பிடித்தான் ஏட்டி. சின்னதுல ஒரு நெறம், வளந்தா வேற நெறம்."

ஓணத்தன்று ஜோசியர் பார்க்க வருகிறார். நிறம் கெட்டிருந்தால் வீட்டில் வைக்கக் கூடாதாம். அப்பா சாக்கில் கட்டிப் பேச்சிப்பாறைக்கு அப்பால் காட்டில் விட்டுவிடுவார். இரவில் என் கை மேலே இல்லாவிட்டால் தூங்காத குட்டி அது. என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

கவரில் எலிசா என்று உன் புதுப் பெயரை எழுதும்போது வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது.

உன்
அஞ்சலி


கருங்கல்
12.9.2024

அஞ்சு மக்கா,

கோபப்படாதே, உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டிவிட்டேன். இவர்கள் வீட்டில் ஒரு செவலை நாய் இருக்கிறது. பிறந்தபோது கரித்துண்டு மாதிரி இருந்ததாம். மூன்றாம் மாதம் குட்டிமுடி உதிர்ந்து செவலை முளைத்ததாம். முதலில் எங்கே என்று கேட்டேன். கண்ணைச் சுற்றி, பிறகு காதுக்குப் பின்னால் என்றார். உன் கடிதத்தை நான் காட்டியது அதற்குப் பிறகுதான். உன் சோற்றில் ஒரு குறையும் இல்லை. மிளகு வளர்கிறாள், அவ்வளவுதான்.

அவள் மேல் எதையும் பூசிவிடாதே. ஆண்டுவிழாவுக்கு வெள்ளை ஷூவில் மை பூசிக்கொண்டு போனவள் நீ, உன்னை எனக்குத் தெரியும். நாய் நக்கும். தலை டை அதற்கு விஷம் என்கிறார் அத்தான்.

இதை அப்பாவிடம் சொல்ல உன்னால் முடியாது. யார் சொன்னார்கள் என்று கேட்பார். அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் கோயில் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு நிற்பார். மிளகைக் கொண்டுவந்து கொடு. வீட்டில் ஓடிப்போய்விட்டது என்று சொல். இங்கே நான் வளர்க்கிறேன்.

அம்மாவைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறாய். கஞ்சியோடு தேங்காய்ச் சில் வை, அவளுக்குப் பிடிக்கும். ஆவணி முதல் தேதி நான் நம் வாசல்வரை வந்தேன். கேட்டில் அப்பா நின்றார். திரும்பிவிட்டேன். இதை நீயும் யாரிடமும் சொல்லாதே.

உனக்கு என்றும்
அஸ்வதி அக்கா


திருவட்டாறு
14.9.2024, இரவு

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சஜ்னாவுக்குக் காய்ச்சல், நேற்று பள்ளிக்கு வரவில்லை. நாளை ஓணம். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் டை பாக்கெட் ஒன்றை எடுத்து, பழைய பல் பிரஷால் செவலை தெரிந்த இடமெல்லாம் போட்டுவிட்டேன். மிளகுக்கு ஒரே கூச்சம், தன் காலையும் என் கையையும் நக்கிக்கொண்டே இருந்தாள். இப்போது நல்ல கறுப்பு. என் விரல்களும் கறுப்பு. சிரிக்காதே.

அஞ்சலி


திருவட்டாறு
16.9.2024, இரவு

அக்கா,

சனிக்கிழமை எழுதியதையும் இதோடு வைக்கிறேன். உன் கடிதம் இன்று காலை பள்ளியில்தான் கிடைத்தது. அத்தான் எவ்வளவு நேரம் நின்றார்? அதே பத்து மணிக்கு நான் கொட்டாங்கச்சியில் டை கலக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஜோசியர் மிளகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல் கறுப்பு. நல்லா பாத்துக்கிடுங்கோ" என்றார். இரண்டு தடவை பிரதமன் பாயசம் வாங்கிக் குடித்தார். அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், நீ போனபிறகு முதல் தடவையாக. இரவில் மிளகின் மூஞ்சி வீங்கியது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனாள். மழை பெய்கிறது என்று சொல்லி அவளை என் அறைக்குள் கொண்டுவந்தேன். அப்பாவிடம் சொன்னால் உடனே டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் டையைச் சொன்னால் நிறத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு போய்விடும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் வயிற்றுவலி என்று சொல்லி ஓடிவந்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். என் குரல் கேட்டு வாலால் ஒருமுறை தரையைத் தட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் டை போடாத வயிற்றோரத்தில் புது முடி வந்திருக்கிறது அக்கா. பலாச்சுளை நிறம். எவ்வளவு அழகு தெரியுமா.

ஓடிப்போய்விட்டது என்று சொல்லச் சொன்னாய். உன்னைப் பற்றி இங்கே தினமும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். என் வாயால் அதைச் சொல்லமாட்டேன். காலையில் உன் கடிதத்தையே அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். அழக் கூடாது என்றுதான் தலையணையைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், இருந்தும் சத்தம் வந்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அவர் தட்டினால் கொண்டி ஆடும். இது விரலால் சுரண்டுவதுபோல்.

"எதுக்குக் கரையுத மக்கா?"

ஆறு மாதமாகக் கேட்காத குரல். அக்கா, அம்மா எழுந்து