ஏழாம் திருவிழாவும் தாசிலோ கோமகனும்

ஹில்ஸ்பரோ,
10 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி நவரத்தினம்,

நீரும் சீதாவும் சுகமென்று நம்புகிறேன். நான் சுகம். இடுப்பு மட்டும் மழைக்கு முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிறது.

கோவில் மலருக்கு வரலாற்றில் ஏதாவது எழுதித் தரும்படி கார்த்திகையில் கேட்டீர். டிசம்பர்ப் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு என் எழுத்து தேவைப்படாது என்று நினைத்தேன். ஆனாலும் ஏற்றுக்கொண்டதை முடிக்காமல் விட எனக்குத் தெரியாது. கட்டுரை இத்துடன் இருக்கிறது. பல தரம் திருத்தினேன். இன்னும் பிழை இருக்கும்.

இது ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் பவேரியாவை ஆண்ட தாசிலோ என்ற கோமகனின் கதை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில் அவனுக்கு நான் அரைப் பந்திக்கு மேல் கொடுத்ததில்லை. தகப்பன் சாகும்போது அவன் சிறுபிள்ளை. பிராங்கியரை ஆண்ட தாய்மாமன் பிப்பின்தான் அவனைக் கோமகனாக்கினான். தாய் அவனுக்காக ஆட்சியைப் பார்த்தாள். வளர்ந்த பின் மாமனுக்கு அடங்கி நடப்பதாகப் புனிதர்களின் எலும்பின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான் என்று பிராங்கியரின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவர்கள் அவனை வீழ்த்திய பக்கத்து ஆட்கள். எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு நிச்சயமில்லை. மற்றபடி நல்லாகவே ஆண்டான். சட்டங்களைத் திருத்தினான், சபைகளைக் கூட்டினான், கிழக்கே கரந்தானியர் என்ற இனத்தாரை வென்றான், மடங்கள் கட்டினான். அவனும் மனைவி லியூட்பிர்காவும் பெயர் பொறித்த பொன்முலாம் கிண்ணமொன்று அவன் கட்டிய மடத்தில் இன்றும் இருக்கிறது. சாமிக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் ஆட்களின் கண்டுபிடிப்பு இல்லை என்று சீதாவுக்குச் சொல்லும்.

இன்னொரு விஷயம். டிசம்பரில் நீர் எழுதித் தந்த வசனத்தை நான் மேடையில் வாசித்தேன்: 'ஏழாம் திருவிழாவின் உபயத்தை நானும் என் பிள்ளையும் சொந்த விருப்பத்தில் விடுகிறோம்.' அன்று முதல் மகள் வித்தியா என்னோடு கதைப்பதில்லை. மருமகன் வினய்தான் ஹென்டர்சனிலிருந்து வந்து வேலிச் செடியை வெட்டிவிட்டுப் போகிறார். உம்முடைய அக்கா செல்வநாயகி ஏழாம் நாள் செலவைப் பொறுப்பேற்று அந்தத் திருவிழாவை எடுத்தபோது சுவாமி ஒரு கராஜுக்குள் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் கண்மூடும்வரை அவள் அதை விடவில்லை. வித்தியாவுக்கு நீர் தாய்மாமன். ஒரு வார்த்தை கதைத்துப் பாரும்.

போனிலும் இதைக் கேட்கலாம். ஆனால் போனில் நீர் கதைத்தால் நான் 'ஓம்' சொல்லி வைத்துவிடுவேன். அது உமக்கும் தெரியும்.

அன்புடன்,
உம்முடைய அத்தான்
ஜெயரட்ணம்


பாபகூரா,
17 பெப்ரவரி 2025

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற மனிசன் நீங்கள் ஒருவர்தான். பதில் போட முத்திரை தேடித் தெருமூலை டெயரிக் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பிள்ளை என்னை ஏதோ நூதனசாலையிலிருந்து தப்பி வந்தவனைப் போலப் பார்த்தது. சீதா இன்னும் சிரிக்கிறா.

கட்டுரை விஷயம். மலர்க்குழு வாசித்தது. தலைவர் பார்த்தீபன் இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் முன்னால், "உந்தத் தாய்மாமன் ஆர், செயலாளர்? உங்களையே சொல்லுறார்?" என்று கேட்டான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோவில் மலருக்கு மாட்டிறைச்சி தின்ற கோமகன் ஏன் அத்தான்? நாயன்மாரில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுவோம்.

வித்தியாவோடு நான் என்னத்தைக் கதைக்க? போன வருஷம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வினய் தர்ப்பை போட்டு உபயகாரராக நின்றார். ஐயர் நட்சத்திரம் கேட்க, போனை எடுத்துத் தாய் லச்மிக்கு அடித்தார். சுவாமிக்கு முன்னால்! அவர் பிஜி ஆள் என்று பொடியள் அதற்கு 'பிஜி நட்சத்திரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு உபயகாரருக்கு மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டு வாங்க அவருடைய ஆட்கள் முன்னுக்கு வந்து நின்றார்கள். வினய் நல்ல பிள்ளை, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோவில் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்த ஆட்கள், இவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்கிறார்கள். தலைவர் அந்தத் திருவிழாவைத் தன் குடும்பத்துக்கு எடுக்க ஆயத்தமாக இருக்கிறார்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். உங்களை வெருட்டிச் சொல்ல வைத்ததாக வினயின் ஆட்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். அதனால் மார்ச் ஒன்பதாம் திகதி ஞாயிறு விசேஷக் கூட்டம். நீங்கள் வந்து அதே வசனத்தை இன்னொருக்கால் சொன்னால் போதும். 'நானும் என் பிள்ளையும்' என்பது முக்கியம், மறக்கவேண்டாம். பிறகு மூத்த ஆசிரியர் என்று பொன்னாடை போர்த்துவோம். நானே காரில் வந்து ஏற்றுகிறேன்.

இடுப்புக்குச் சீதா எண்ணெய் தந்துவிடுவா.

பாசமுள்ள தம்பி,
நவரத்தினம்


ஹில்ஸ்பரோ,
22 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி நவரத்தினம்,

இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர். ஆகவே மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

பிப்பின் செத்தபின் அவனுடைய மகன் சார்லஸ் அரசனானான். எங்கள் முறையில் தாசிலோவுக்கு மச்சான். அந்த மச்சான் மூன்று பக்கத்தாலும் படையை அனுப்பினான். தாசிலோ சண்டை பிடிக்கவில்லை. நாட்டைக் கையில் கொடுத்து, மகனைப் பிணையாகக் கொடுத்து, நாட்டை மட்டும் திரும்ப வாங்கி ஆண்டான். அடுத்த வருடம் இங்கல்ஹைம் என்ற இடத்துக்கு அழைத்து விசாரணை வைத்தார்கள். அவனுடைய சொந்த ஆட்களையே எழுப்பிக் குற்றம் சொல்ல வைத்தார்கள். அது போதவில்லையோ என்னவோ, பழையது ஒன்றைத் தோண்டினார்கள். வாலிபனாக இருக்கும்போது மாமனின் படையெடுப்பில் பாதியில் 'எனக்கு வருத்தம், உடம்பு சரியில்லை' என்று சொல்லி வீடு போனவன் என்று. இருபத்தைந்து வருடம் ஒருவரும் பேசாத சங்கதி. அதற்குத்தான் மரணதண்டனை என்றார்கள். பிறகு இரக்கம் காட்டி மடத்துக்கு அனுப்பினார்கள். அவனுக்கு அன்று உண்மையாகவே வருத்தமா என்று ஒரு குறிப்பிலும் யாரும் கேட்டதாக இல்லை.

கோவிலுக்கு அத்திவாரம் போட்ட மாதம் நான் வேலைக்கு வரவில்லை. டிசம்பரில் பார்த்தீபன் எழும்பி, "கோவில் கட்டேக்கை கம்பி நீட்டின மனிசனுக்கு என்ன உபயம்?" என்று கேட்டான். சபை சிரித்தது. நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர். அந்த மாதம் நிமிர முடியாமல் கிடந்த என்னை டாக்குத்தரிடம் தூக்கிக்கொண்டு போனது யார்? நீர், நவரத்தினம். காரின் பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்து, குழிகளுக்கு விலத்தி விலத்தி ஓட்டினது நீர். சபையில் அதைச் சொல்ல ஒரு வாய் இருந்தது. அது உம்முடைய வாய்.

எனக்குக் கோபம் வருகிறது. இந்த வரியை எழுதி வெட்டினேன், பிறகும் எழுதினேன். இருக்கட்டும்.

அரண்மனையில் எல்லாருக்கும் முன்னால் தலையை மழிக்கவேண்டாம் என்று மட்டும் தாசிலோ கெஞ்சினான். அந்தளவு இரக்கம் அவனுக்குக் கிடைத்தது. நானும் உம்மிடம் அதையே கேட்டேன்: மேடை வேண்டாம், எழுதித் தருகிறேன் என்று. நீர் மைக்கைக் கையில் திணித்தீர்.

ஆறு வருடம் கழித்து அவனை மடத்திலிருந்து பிராங்பேர்ட்டில் கூடிய சபைக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். தனக்காகவும், மகன்மார் மகள்மாருக்காகவும், எல்லா உரிமையையும் விட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். நாடு முழுதும் அவர்கள் கையில் இருக்க ஏன் இன்னொருக்கால்? பறித்தவர்களுக்கே பறித்தது சரியென்ற நம்பிக்கை இல்லை. எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இருந்தால் நீர் சொல்லும், நீர் அந்தப் பக்கம் இருக்கிறவர்.

நட்சத்திரம் தெரியாதது ஒரு குற்றமா? என் நட்சத்திரத்தை நாற்பது வருடம் ஐயருக்குச் சொன்னது செல்வநாயகி. நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எண்ணெய் வேண்டாம்.

ஜெயரட்ணம்


பாபகூரா,
27 பெப்ரவரி 2025

அத்தான்,

பொல்லாத கடிதம். சீதாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நான் சார்லஸும் இல்லை, பிப்பினும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் கக்கூஸ் கழுவுகிறவன். இருபது வருஷமாக. கவுன்சில்காரனோடு பார்க்கிங்குக்குச் சண்டை பிடிக்கிறவன். நீங்கள் புத்தகத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்து எனக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

டாக்குத்தரிடம் கூட்டிப்போனதை மறக்கவில்லை. அன்று நான் வாய் திறந்திருந்தால் கூட்டம் இரண்டாகியிருக்கும். தலைவரின் ஆட்கள் ஒரு பக்கம், பிஜி ஆட்கள் மறுபக்கம். ஏழாம் திருவிழா வினயின் கைக்குப் போனால் அடுத்தது எட்டாம் திருவிழா, பிறகு நிர்வாகம். பத்து வருஷத்தில் அது எங்கள் கோவிலாக இருக்குமா? ஊரில் எல்லாம் விட்டுவிட்டு வந்தோம். இங்கே இருக்கிறது இந்த ஒன்றுதான். இதைக் காப்பாற்ற நான் நிலத்தைப் பார்த்தேன். இன்னொருக்காலும் பார்ப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் கழுத்தை ஒருவரும் நெரிக்கவில்லை. 'மாட்டேன்' என்று ஒரு சொல். அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தடை? சொல்லாமல் இறங்கிவிட்டு, இப்போது வித்தியா கதைக்கவில்லை என்று என் கழுத்தைப் பிடிக்கிறீர்கள்.

ஒன்பதாம் திகதி பத்து மணிக்கு உங்கள் வாசலில் ஹோர்ன் அடிப்பேன். அக்காவின் முகத்துக்காக வாருங்கள். வந்து வேறு ஏதாவது கதைத்தால் அதற்குப் பிறகு என் வாசல்படி மிதிக்கவேண்டாம்.

நவரத்தினம்


ஹில்ஸ்பரோ,
11 மார்ச் 2025

செயலாளர் அவர்களுக்கு,

ஞாயிறு கூட்டத்தில் நான் சொன்னதில் முதல் பாதிதான் உங்களுக்குக் கேட்டிருக்கும். பிறகு மைக் நின்றுவிட்டது. நிறுத்தியது யார் என்று நான் கேட்கவில்லை. குறிப்பில் சரியாக வரவேண்டும் என்பதற்காக முழுதையும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது சரி. 'மாட்டேன்' என்று சொல்ல எனக்கு என்ன தடை? உங்கள் கடிதம் வந்த பிறகு அதையேதான் யோசித்தேன். பிறகு, பிராங்பேர்ட் பகுதியைத் திரும்பச் சுத்தமாகப் பிரதி பண்ணும்போது 'மகள்மாருக்காகவும்' என்ற சொல்லில் பேனா நின்றது. மகள்மாரின் உரிமையைத் தகப்பன் எப்படி விடலாம் என்று யோசித்தேன். அப்போதுதான், இவ்வளவு காலமும் நான் ஒருதரம்கூடக் கேட்காத கேள்வி வந்தது. ஏழாம் திருவிழா யாருடையது?

சங்கல்பத்தில் என் பெயரை வாசித்தார்கள், ஆம்பிளை என்பதால். காளாஞ்சியை என் கையில் தந்தார்கள், ஆம்பிளை என்பதால். ஆனால் கராஜில் சுவாமிக்கு முன்னால் நேர்ந்து எடுத்தவள் செல்வநாயகி. ஊரில் தாயின் வீடும் வளவும் மகளுக்குத்தானே போகும்? உங்கள் தாயின் வீடு உங்களுக்கு வரவில்லை, அக்காவுக்கு வந்தது. அதை நீங்கள் ஒரு நாளும் பிழையென்று சொன்னதில்லை. திருவிழா மட்டும் எப்படி என்னுடையதானது? என்னுடையது இல்லாத ஒன்றை நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நானும் கொடுத்தேன். சபை கைதட்டியது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே நான் சொன்னது இதுதான்: "ஏழாம் திருவிழா என்ரை இல்லை. அது என்ர மனிசியின்ரை. அவவுக்குப் பிறகு மகளின்ரை. டிசம்பரிலை நான் விட்டது செல்லாது. விடுறதெண்டால் அவள் விடட்டும், அவளைக் கேளுங்கோ."

இதில் 'மகளின்ரை' வரைக்கும் மைக்கில் வந்தது. பார்த்தீபன் "வாத்தியார் பாடம் எடுக்கிறார், கொப்பியைத் திறவுங்கோ" என்றான். முன்வரிசை சிரித்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது பின்னால் வினயின் தாய் லச்மி எழும்பினா. அவவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "சிரிக்காதீங்க. அவர் இன்னும் முடிக்கல" என்றா. சபை அடங்கியது. மிச்சத்தை வெறும் குரலில் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது, ஏனென்றால் அங்கே நின்ற வித்தியா தலையை நிமிர்த்தினாள்.

நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெளியில் வித்தியா என்னிடம், "டிசம்பரிலை இதைச் சொல்ல உங்களுக்கு என்னப்பா?" என்று கேட்டாள். அழுகையில்லை, கோபம்தான். தன் காரில் ஏற்றினாள். இறக்கிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். குசினியில் தேத்தண்ணி போட்டாள். தனக்கும் ஒரு கோப்பை போட்டாள். அதைக் குடித்து முடிக்கும்வரை இருந்தாள்.

கொடியேற்றத்துக்கு முன் நிர்வாகம் என்ன தீர்மானித்தாலும், அதை அவளிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவள் தாயின் கூடப்பிறந்தவராகப் போனால் இன்னும் நல்லது. அவள் உள்ளே கூப்பிடுவாளா என்று என்னால் சொல்ல முடியாது. என் மூலமாக இனி ஒன்றும் அனுப்பவேண்டாம், நான் வாங்கமாட்டேன். உங்கள் வாசல்படிக்கும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
க. ஜெயரட்ணம்
(வித்தியாவின் தகப்பன்)