நெஜ்லாவின் மொட்டைச் சிப்பாய்

பெய்கோஸ், இஸ்தான்புல்
செப்டம்பர் 21, ஞாயிறு

என் ஒரே மகன் ஒக்தாய்க்கு,

உன் அப்பன் ஹய்ரி எழுதுவது. முதலில் உன் இரண்டு கண்களிலும் முத்தம். தலையில் முத்தமிட ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் அனுமதி தரவில்லை, அதனால் கண்களோடு நிறுத்திக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று பத்து நாளாக டெலிபோனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் என் வாத்தியாரைத் திட்டு, அவர் செத்து நாற்பது வருடம் ஆகிறது, கோபித்துக்கொள்ள மாட்டார்.

தலையில் முடி நட்ட ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுத்த காகிதத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. தினமும் காலையில் படிக்கிறேன். இன்று பதினைந்தாம் நாள். பொருக்கெல்லாம் உதிர்ந்திருக்க வேண்டும். தொப்பி போடலாம், இறுக்கமாகக் கூடாது. வெயில் கூடாது. வியர்க்க வியர்க்க வேலை செய்யக் கூடாது, இதை மட்டும் நீ பிறந்ததிலிருந்தே கடைப்பிடிக்கிறாய். இன்னொன்று, இதுதான் முக்கியம்: மூன்றாவது வாரத்திலிருந்து நட்ட முடியெல்லாம் கொட்டும். தலையணையில் பார்த்துவிட்டு அங்கே டோர்ட்முண்டில் தனியாக உட்கார்ந்து அழாதே. வேர் உள்ளேயே இருக்குமாம். மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்குமாம்.

கழுத்தில் ஊதின தலையணை, நெற்றியில் கறுப்புப் பட்டை, மொட்டைத் தலை, இப்படி நீ வாசலில் வந்து நின்றாயே, அன்றைக்கு நான் என்ன கேட்டேன்? "எந்தக் கப்பல்டா கவுந்துச்சு? மிதவையைக்கூடக் கழட்டாம வந்திருக்கே!" என்றேன். நாற்பது வருடம் படகுத்துறையில் வடம் வீசினவனுக்கு வேறு என்ன தோன்றும்? நீ சிரிக்கவில்லை. "உன்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதாம்ப்பா இதைப் பண்ணிக்கிட்டேன்" என்றாய். நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வலித்தது. அந்தத் தலையை உனக்குக் கொடுத்தவன் நான். கொடுக்க வேறு சொத்தும் என்னிடம் இருக்கவில்லை.

அப்போதுதான் உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து உன்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, உன்னை எந்த ஊருக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். நம் ஊரில் வயசுப் பையன் தலையை மழித்துக்கொண்டு வந்தால் பட்டாளத்துக்குப் போகிறான் என்றுதானே அர்த்தம். மறதி நோய் வந்ததிலிருந்து உனக்கு முப்பத்தெட்டு வயது ஆனது அவள் கணக்கில் இல்லை. நீ ஜெர்மனியில் இருந்ததால் பணம் கட்டிக் கட்டாயப் பட்டாளத்திலிருந்து தப்பித்துக்கொண்டாய். தெருவில் மற்ற பையன்களை மேளம் அடித்து அனுப்பும்போதெல்லாம் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவாள். உனக்கு அது தெரியாது.

"நெஜ்லா, இது நம்ம ஒக்தாய்" என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "கார்ஸுக்குப் போட்டிருக்காங்க. பனியில விறைச்சுப் போகப் போறான்" என்றேன். நான் பட்டாளத்தில் இருந்தது கார்ஸில்தான், அதுதான் வாயில் வந்தது. ஒரு கேலிக்குச் சொன்னது. நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காரணம். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

மூன்றாம் நாள் வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கி உன் கண்ணை மூடிவிட்டது. குனியக் கூடாது என்பதால் உன் ஷூ நாடாவை நான் கட்டினேன். மல்லிப் பாத்திக்குத் தெளிப்பதுபோல் மணிக்கு ஒரு தரம் உன் தலைக்கு உப்புத் தண்ணீர் தெளித்தேன். அரிக்கிறது என்று நீ நாற்காலிக் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். உன் அம்மா உன் தட்டில் சோற்றைக் குவித்தாள். "தின்னு தம்பி, அங்க தினமும் மொச்சைதான்" என்றாள். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன, ஒக்தாய். வீட்டில் மூன்று பேர் இருந்தோம்.

ஐந்தாம் நாள் காலை நீ சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் மருதாணி குழைத்து உன் உள்ளங்கையில் வைத்துத் துணி கட்டினாள். பட்டாளத்துக்குப் போகிற பிள்ளையை மருதாணி வைக்காமல் எந்தத் தாய் அனுப்புவாள்? அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் தலையில் இருந்த பொருக்கைப் பார்த்துவிட்டாள். "பாவிங்க, போறதுக்கு முன்னாடியே அடிச்சு மண்டையை உடைச்சிருக்காங்களே" என்று புலம்பிக்கொண்டே ஈரத் துண்டால் தேய்த்துவிட்டாள். நான் பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தபோது உன் தலையில் ரத்தம். "நான் யாருன்னே உனக்குத் தெரியாது! அப்புறம் எதுக்கு என்னைத் தொடுறே?" என்று கத்திக்கொண்டிருந்தாய். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிற பிள்ளைபோல.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் தடுக்கவில்லை. உன்னைத் திட்டவும் இந்தக் கடிதம் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை படகேறி அக்கரைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். பெர்ரின் என்று ஒரு நர்ஸ், உன்னை ஞாபகம் வைத்திருந்தாள். "தாத்தா, பத்து வேர் போயிருக்கும். மூவாயிரத்து இருநூறுல அது வெளியவே தெரியாது. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்தப்பவே அவர்கிட்டச் சொல்லிட்டோமே" என்றாள். அப்புறம் என் தலையைப் பார்த்து, "உங்களுக்கும் நட்டு விடட்டுமா?" என்றாள். "பின்னந்தலையும் தரிசும்மா, நடறதுக்கு எங்கேருந்து பிடுங்குவே?" என்றேன். அந்த அறையில் இருந்த மொட்டைகள் எல்லாம் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது படகில் யோசித்தேன். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு அன்றைக்கே தெரியும். அப்படியானால் நீ பேசாமல் இருப்பது முடிக்காக இல்லை.

அவளுக்கு அந்தக் காலை ஞாபகமே இல்லை, மகனே. ரத்தம் இல்லை, நீ கத்தினது இல்லை. கையில் மருதாணி வைத்து ஒரு பையனைக் கார்ஸுக்கு அனுப்பினாள், அது மட்டும் நிற்கிறது. நேற்று என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது. நான் யார் என்பதும் நாளுக்கு நாள் மாறும். சில நாள் புருஷன், சில நாள் குழாய் ரிப்பேர்க்காரன். ரிப்பேர்க்காரனுக்குத்தான் நல்ல டீ கிடைக்கிறது. ஆனால் மதியம் தபால் வரும் நேரம் மட்டும் தவறுவதில்லை. தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போய் நிற்கிறாள். "என் சிப்பாய்கிட்டேருந்து ஏதாச்சும் வந்திருக்கா?" என்று கேட்கிறாள். "நாளைக்கு வரும்மா" என்று தபால்காரன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்.

பார்க்கப் பொறுக்காமல் நானே ஒரு கடிதம் எழுதினேன். 'அன்புள்ள அம்மா, கார்ஸில் நலம்' என்று. கீழே தபால் பெட்டியில் போட்டுவைத்தேன். பிரித்தாள், இரண்டு வரி படித்தாள், என் மேல் விட்டெறிந்தாள். "இந்தக் கோழிக் கிறுக்கல் என் புருஷனோடது. அவன் கல்யாணத்துக்கு முன்னாடி பட்டாளத்துலேருந்து எழுதினதெல்லாம் என்கிட்ட இருக்கு. யாரை ஏமாத்தறே?" என்றாள். அவமானத்தில் தலை குனிந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. முகம் போய்விட்டது, குரல் போய்விட்டது, கையெழுத்து அவளிடம் இன்னும் இருக்கிறது. உன்னுடையதும் இருக்கும். நீ எழுதப் பழகினதே அவள் மடியில்தான்.

போன மாதம் டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைத்துவிட்டேன். குளிர்காலத்துக்குள் படிப்பதும் போய்விடுமாம். உன் முடி திரும்ப வரும் என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அப்படி எந்தக் காகிதமும் யாரும் கொடுக்கவில்லை.

அதனால் எழுது. டெலிபோன் வேண்டாம், கையால் எழுது. உறையின் மேல் என் பெயர் வேண்டாம், அவள் பெயரைப் போடு. ஜெர்மன் தபால்தலையை நான் கிழித்துவிடுகிறேன், தபால்காரனிடம் பேசிவைத்துவிட்டேன். கார்ஸில் இன்னும் பனி விழவில்லை, சாப்பாடு பரவாயில்லை, யாரும் அடிக்கவில்லை, தலைக் காயம் ஆறிவிட்டது, இது போதும். மன்னிப்புக் கேட்காதே. எதற்கென்று அவளுக்குப் புரியாது, பயந்துவிடுவாள். என்னிடமும் கேட்க வேண்டாம்.

அடியில் 'உன் சிப்பாய்' என்று போட்டுவிடாதே. ஒக்தாய் என்று முழுசாக, தெளிவாக எழுது. அவள் எப்போதும் வாய்விட்டுத்தான் படிப்பாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் இன்னும் ஒரு தரம் கேட்க வேண்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். எழுதப் போகிற உன் கைக்கு நலம் உண்டாகட்டும்.

உன் அப்பன்,
ஹய்ரி