கடைசி ஆடு வந்த பிறகும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், ஆடுகள் சுகம், உன் அம்மாவின் வாய் எங்கள் எல்லாரையும் விடச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அம்மா மேய்க்கிற ஆடுகளின் முதலாளி ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டார் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். நீ ஒருவனைக் காட்டும் வரைக்கும் இவன்தான். தட்டில் குறை இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பேர் பொருத்தம்தான். மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், போதும் என்றதும் நிற்காத நாய் ஆட்டை ஓட்டியே கொன்றுவிடும், முன்பு ஒரு நாய் அந்த மேட்டில் என் ஆடு ஒன்றை அப்படித்தான் கொன்றது, இவனும் பழகாவிட்டால் கூட்டிப்போய் முடித்துவிடுவேன் என்றார் முதலாளி. அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மில்லில் சங்கு ஊதி நான் வீடு வந்தால் இருட்டுவதற்குள் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் எல்லாவற்றையும் திணித்தால் அவனும் என்னை மாதிரி மூன்றாம் வகுப்போடு ஓடிவிடுவான் என்று நாளைக்கு ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் சுற்றி வளைப்பது, ஒரு நாள் படுப்பது. சரியாகச் செய்ததும் நிறுத்திவிடுவேன், ஆசை மிச்சம் இருந்தால்தான் மறுநாள் ஓடி வருவான். காலையில் கோழிக்குத் தீனி போடுகிற நேரத்தில் உன் அம்மா 'இரு' என்பதைப் பழக்கிவிட்டாள். எல்லாம் வந்தது, 'போதும்' மட்டும் வரவில்லை.

ஆடுகள் எல்லாம் பட்டிக்குள் போனதும் போதும் வாடா என்றால், மறுபடி மேட்டுக்கு ஓடுகிறான். அங்கே புல்லைத் தவிர ஒன்றுமில்லை, நானே போய்ப் பார்த்தேன். ஆனால் வயிற்றைத் தரையோடு வைத்து, இடமும் வலமுமாக நகர்ந்து, எதையோ ஓட்டிக்கொண்டு வருகிறான். நடக்க முடியாததை ஓட்டுகிற மாதிரி, நின்று நின்று. பாதி வழியிலேயே நான் பட்டி வாசல் படலைச் சாத்திவிட்டு அவனை இழுத்து வருவேன், நேரமாகிறதே. "அவனுக்குக் கண்ணு கோளாறு, மில்லுச் சத்தத்துல உங்களுக்குக் காது கோளாறு, நல்ல ஜோடிங்க" என்று உன் அம்மா சிரித்தாள். அப்படி இழுத்து வந்த ராத்திரிகளில் ஆடுகள் படுக்காமல் படலையே பார்த்துக்கொண்டு நின்றன. அதற்கு அவள் சிரிக்கவில்லை.

முதலாளி வருவதற்கு முந்தின சாயங்காலம், தொடங்கினதை முடிக்கட்டும் என்று படலைத் திறந்து பிடித்துக்கொண்டேன். மெதுவாக வந்து சேர்ந்தான். உள்ளே ஆடுகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. என் முழங்காலில் ஈரக் கம்பளி உரசின மாதிரி இருந்தது, மாதிரி என்றுதான் எழுதுகிறேன். சாத்திவிட்டுப் போதும் என்றேன். மாப்பிள்ளை காலடியில் வந்து படுத்தான், முதல் தடவையாக. மூலையில் ஓர் ஆடு படுக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்றவை நெருக்கிக்கொண்டு படுத்தன.

மறுநாளும் அதே கதை, காலையில் அதுவும் மேயப் போயிருக்கும் போல. முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இவன் மேட்டுக்கு ஓடினதும் போச்சு என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் படலைத் தொடுவதற்குள் முதலாளியே வந்து பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமில்லை. மாப்பிள்ளை வந்து சேர்ந்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, தானே சாத்தினார். "நாய் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆடுங்களும் இருக்கட்டும். நான் இனிமே பாக்க வரல" என்றார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

ஆக, மாப்பிள்ளை பிழைத்தான். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் கண்ணு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. லீவில் வந்தால் படலை அவசரப்பட்டுச் சாத்தாதே. நேற்று உன் அம்மா படலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வா, பள்ளம் இருக்கு" என்றாள். நாயிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா