ஆமினாளின் முழு நோன்பு

மார்ச் 27
சங்கரன்கோவிலில் எரிந்துபோன ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது. ராயகிரியிலிருந்தெல்லாம் ஃபேனை பைக்கில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் என் வீட்டு ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் என் பெண்டாட்டி ஆமினாளுக்கு வேர்க்கிறது. திடீரென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் நனைந்து, தூக்கமும் போய், பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். முன்பு என் கதைகளுக்குச் சிரிப்பாள். இப்போது எரிந்து விழுகிறாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?

மார்ச் 29
பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கும் இடத்தில் ஆளாளுக்குப் பெருமை பேசினார்கள். நான் விடுவேனா? "எங்க வீட்டுல இந்த வருஷம் ஒரு நோன்பு விடல வே. இப்படிப் பொம்பள தென்காசி ஜில்லாவுலயே கிடையாது" என்றேன். பக்கத்தில் நின்ற ஷேக் ஃபரீத் குனிந்து கஞ்சியைப் பார்த்தான். பொறாமை.

மார்ச் 31, பெருநாள்
அக்கா ரசீதா அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "ஏலே பாட்சா, மாசாமாசம் அந்த நாலு நாளு பொம்பளைக்கு நோன்பு கிடையாது. ஒண்ணுகூட விடலன்னா என்ன அர்த்தம்? அது நின்னுபோனத அவ யாருக்கும் தெரியாம வச்சிருந்தா. நீ ஊருக்கே சொல்லிட்டு வந்திருக்க."
ஆமினாள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். யோசிக்கத்தான் இல்லை.

ஏப்ரல் 4
பேசவில்லை.

ஏப்ரல் 9
ஹாலில் அவள் இருமினால்கூட நன்றாயிருக்கிறது. கட்டிலில் அவள் பக்கம் நான் உருளுவதில்லை.

ஏப்ரல் 12
அவளே பேசினாள், அழுதுகொண்டே. "எனக்கு வயசாயிட்டு. இனிமே நான் உங்களுக்கு எதுக்கு?"
என் வாயில் ஒரு கதையும் வரவில்லை. "நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுட்டி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. டாக்டரிடம் போவோமா என்று கேட்டேன், சம்மதித்தாள்.

ஏப்ரல் 15
டாக்டரம்மாவிடம் நான் ஆரம்பித்தேன். "அவங்க சொல்லட்டும்" என்றார். ஆமினாள் சொன்னதில் பாதி எனக்கே புதுசு: மூட்டுவலி, படபடப்பு, காரணமில்லாத அழுகை. வயது நாற்பத்தொன்பது, கடைசியாக வந்தது போன ஹஜ்ஜுப் பெருநாள் சமயம், பத்து மாசம் ஆகிறது. முழுதாக ஒரு வருஷம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். அதற்கு முன்னும் பின்னும் சில வருஷம் இந்த வேக்காடு இருக்கலாம், நோயில்லை. இந்த வயதில் இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வேண்டாம். தைராய்டும் இப்படிப் படுத்தும் என்பதால் அதைப் பார்க்கச் சொன்னார். ஹார்மோன் மாத்திரை எல்லோருக்கும் ஆகாதாம், பிரஷரும் மார்பும் பார்த்துவிட்டுத்தான். ஒரு வருஷம் நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால் உடனே வரவேண்டும்.
"மோட்டார் எரியல, வோல்டேஜ்தான் ஏறி இறங்குது" என்றேன். டாக்டரம்மா எழுந்து நின்று கைகொடுத்தார். சரி, கொடுக்கவில்லை. சிரித்தார்.

மே 6
தைராய்டு சரியாக இருக்கிறது; பிரஷரும் மார்பும் பார்த்துவிட்டு டாக்டரம்மா கொடுத்த மாத்திரைக்கு வேக்காடு கொஞ்சம் தணிந்திருக்கிறது. பாய் இன்னும் ஹாலில்தான்.

மே 9
ஜும்ஆ முடிந்து டீக்கடையில் எங்கள் தெருப் பையன் கபீர் கேட்டான்: "மாமியக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போனீயளாமே மாமா, என்ன விஷயம்?" நல்ல கதையொன்று நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, அதில் லண்டன் டாக்டரெல்லாம் இருந்தார். "வெயில் ரொம்ப" என்று டீயைக் குடித்தேன்.
வீட்டில் ஆமினாள் ஹாலில் பாயில் படுத்திருந்தாள். கபீர் கேட்டதைச் சொன்னேன்.
"நீங்க என்ன சொன்னீய?"
"வெயிலுன்னு சொன்னேன்."
நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, ஃபேனுக்கு நேரே படுத்திருந்தவள், கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.