பச்சை நாற்பத்தைந்தில் நீங்கள் பார்த்தது

என் அக்காவைக் கட்டியதால் என்னிடம் கேலிக்கு மாட்டிக்கொண்ட அருமை மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மூட்டுவலி இப்போது கம்மி. மேல்கொல்லையில் இந்தத் தடவை சாமை போட்டோம். பாதியைக் காட்டுப்பன்றி தின்றது, மீதியை நாங்கள் தின்கிறோம். நான் அதே வண்டியில்தான் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிறங்கி சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்வருகிறேன். வாய் மட்டும் முன்னைப் போல் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் காலை பஸ்ஸில் வெள்ளிமலையில் இறங்கி, டீக்கடையில் "கப்பல்கார கோவிந்தன் வீடு எது" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அறுபது வயசு இருக்கும். தடித்த கண்ணாடி, கையில் ஒரு டப்பா தூத்துக்குடி மக்ரூன்.

"கோவிந்தன் இருக்காரா அண்ணாச்சி? நான் ஜெபராஜ். அவரும் நானும் ஒரே கப்பல்ல இருந்தோம்."

"மாமா தவறிட்டாருங்க," என்றேன். "நெஞ்சுவலி. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

அவர் மக்ரூன் டப்பாவை பெஞ்சில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டீ வந்தது, ஆறியது, அவர் தொடவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அந்தக் காலையில பாத்தத பத்தி உங்ககிட்ட எப்பவாவது பேசியிருக்காரா?"

பேசியிருக்கிறீர்களா மாமா? முதன்முதலில் என்னிடம்தானே பேசினீர்கள்.

உங்களுக்கே நடந்ததை உங்களுக்கே சொல்வது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை நம் ஊரில் நாலு பேர் படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று சிரித்த நாலு பேர்.

கடற்படையில் உங்கள் வேலையே கடலைப் பார்ப்பதுதான். கப்பலின் மேல்தட்டில் வலது பக்கம் பைனாகுலரோடு நிற்பீர்கள். கப்பலின் மூக்கு நேரே பூஜ்யம், வலது பக்கம் பச்சை, இடது பக்கம் சிவப்பு, எதைப் பார்த்தாலும் நிறத்தையும் டிகிரியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்னொரு சட்டமும் சொல்வீர்கள். பார்த்ததைச் சொல்லலாம், நினைத்ததைச் சொல்லக்கூடாது. மீன்பிடிப் படகு என்று சொன்னால் அதிகாரி திட்டுவார். கறுப்பாக ஒன்று, இவ்வளவு தூரம், இந்தப் பக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். அது என்ன என்று முடிவு பண்ண வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

லீவில் வந்தாலும் இந்தப் பழக்கம் உங்களை விடாது. "சடையா, பச்சை முப்பதுல மாடு கொல்லையில எறங்குது பாரு" என்பீர்கள். நான் சும்மா இருப்பேனா? "மாமா, செவப்பு தொண்ணூறுல உங்க பொண்டாட்டி தொடப்பத்தோட வந்துகினு இருக்குது" என்பேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். மாமன் மச்சான் என்றால் கேலி முறை இருக்கிறது, முறைக்காரன் கேலி பண்ணினால் கோபித்துக்கொள்ளக்கூடாது. நீங்கள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்படி ஒரு லீவில், மேல்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், அதை என்னிடம் சொன்னீர்கள்.

வங்காள விரிகுடாவில் கரை தெரியாத தூரம். விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகு. "பச்சை நாற்பத்தைந்து, வெள்ளையாக ஒன்று, தண்ணீருக்கு மேலே" என்று குரல் கொடுத்தீர்கள். முட்டையைப் படுக்க வைத்தது மாதிரி இருந்தது. இறக்கை இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. அதற்கு நேர் கீழே மட்டும் கடல் அலை இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. அதிகாரியும் பார்த்தார். கீழே ராடார் அறையிலும் திரையில் புள்ளி விழுந்திருக்கிறது என்றார்கள். அதிகாரி கப்பலைத் திருப்பச் சொன்னார். கப்பல் திரும்பினால் நாற்பத்தைந்து வேறு எண்ணாக மாறியாகவேண்டும். மாறவில்லை. கப்பலோடு சேர்ந்து அதுவும் சுற்றிவந்து அதே பச்சை நாற்பத்தைந்திலேயே நின்றது. பிறகு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில் பணியில் இருந்த நீங்கள் நாலு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டது இவ்வளவுதான். என்னிடம் நீங்கள் சொன்னது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லி முடித்ததும் நான் என்ன செய்தேன்? களைக்கொத்தைக் கீழே போட்டேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடினேன். "உய்ங்" என்று சத்தம் வேறு. நீங்களும் சிரித்தீர்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் அதே ஓட்டத்தை ஓடிக்காட்டினேன். ஒரு வாரத்தில், பறக்கும் தட்டை வைத்து உங்களுக்குத் 'தட்டு' என்று பேர் வந்துவிட்டது. பணி முடிந்து ஊரோடு வந்துவிட்ட பிறகும் அந்தப் பேர் உங்களை விடவில்லை. உங்கள் தலை தெரிந்தால் எவனாவது ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பான். ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். ஊர் வாயைத் திறந்துவிட்டவன் நான்தான் மாமா.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போன் வந்தது. அப்போது நம் பக்கம் டவர் கிடைக்கிற ஒரே இடம் டீக்கடை வாசல். காது சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டீர்கள். "கோவிந்தா, நான் ஜெபா பேசுதேன்" என்றது குரல். இப்படிப்பட்டதைச் சேகரித்து எழுதுகிற இரண்டு பேர் அந்தக் காலையைப் பற்றி விசாரிக்கிறார்கள், நாம் சேர்ந்து சொன்னால் நல்லது, நீதானே முதலில் பார்த்தவன் என்றது. கடையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். நான் உங்களுக்கு எதிரே போய் நின்று, சத்தம் வராமல், இரண்டு கையையும் மெதுவாக விரித்தேன்.

கடை வெடித்துச் சிரித்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், போனைப் பார்த்தீர்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஜெபா. வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். நான் ஒண்ணும் பாக்கல. சார் பாத்தேன்னாரு, நானும் ஆமான்னேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அன்றிலிருந்து நீங்கள் டிகிரி சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். மாடு கொல்லையில் இறங்கினால் "அதோ, மாடு" என்பீர்கள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் ஜெபராஜ் அண்ணாச்சியிடம் உடனே சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு நல்ல புத்தி கிடையாது. "வயசாச்சு இல்லீங்களா, மறந்திருப்பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பழி உங்கள் மேல் போய்விடும், நீங்களா வந்து இல்லை என்று சொல்லப்போகிறீர்கள்?

அதற்குள் அவரே பேசினார். "அண்ணாச்சி, நான் கண்ணால ஒண்ணும் பாக்கல. கீழ ராடார் ரூம்ல கதவ சாத்திட்டு உக்காந்திருந்தவன் நான். எனக்குத் தெரிஞ்சது ஒரு புள்ளி. மொதல்ல பாத்த கண்ணு அவருதான். அவரே பாக்கலன்னு சொன்ன பொறவு எனக்குன்னு என்ன இருக்கு? எம் மகன் சொல்லுதான், 'அந்த ஆளே இல்லங்காரு, நீங்க மெஷின் கோளாற வச்சுக்கிட்டு ஊர் பூரா பேசுதீங்க'ன்னு. எட்டு வருசமா எம் புத்தி மேலயே எனக்குச் சந்தேகம். அவரு நெசமாவே பாக்கலியா, நேர்ல ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

நீங்கள் 'ஒண்ணுமில்ல' என்று சொன்னது நம் டீக்கடையோடு முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூத்துக்குடியில் ஒரு மனுஷன் அதை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் தூங்காமல் இருந்திருக்கிறார். உங்களுக்கும் அது தெரிந்திருக்குமா? தெரிந்துதான் அவ்வளவு அமைதியாகிவிட்டீர்களா?

நான் சொல்ல ஆரம்பித்தேன். பச்சை நாற்பத்தைந்து, படுக்க வைத்த முட்டை, தட்டையான தண்ணீர், கப்பலோடு சேர்ந்து சுற்றியது, நீங்கள் சொன்ன வரிசை மாறாமல் சொன்னேன். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தன், "இன்னா சடையா, தட்டு திரும்ப எறங்கிச்சா?" என்றான். "டேய், மூடு" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பிறகு, காகிதத்தில் எழுதாததைச் சொன்னேன். "பச்சைப் பக்கம் காணாமப் போனது எங்கியும் போவலீங்க. அடுத்த நொடி செவப்புப் பக்கம் நின்னுச்சாம். கப்பலுக்கு முன்னால சுத்திப் போவல, பின்னாலயும் வரல. மாமா திரும்பிப் பாத்துட்டாரு. அந்தப் பக்கம் நிக்க வேண்டிய ஆளு டீ எடுத்தாறக் கீழ போயிருந்தானாம். இதைச் சொன்னா அவன் எடத்துல இல்லங்கிறது தெரிஞ்சிபூடும், அவன் பொழப்பு போயிடும்னு மாமா வாயத் தொறக்கல."

ஜெபராஜ் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எடது பக்கமா?"

"ஆமாங்க. செவப்புப் பக்கம்."

"எனக்கும் ரெண்டாவதா ஒரு புள்ளி வந்துச்சு அண்ணாச்சி. எடது பக்கம். ஒரு புள்ளி அங்கன போயி நிக்க வழியே இல்ல, மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நான் எழுதல. எம் பொஞ்சாதிட்ட கூட சொன்னதில்ல."

அவர் அழுதார் மாமா. சத்தம் போட்டு அழவில்லை, மடியில் கிடந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே அழுதார். டீக்கடையில் ஒருத்தனும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னேன். போன் வந்த அன்று எதிரே நின்று கையை விரித்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, "அவரு சொன்னப்போ நீங்க நம்புனீங்களா?" என்று கேட்டார்.

"நம்புனேங்க," என்றேன். "அன்னிக்கே நம்புனேன். மாமா பொய் சொல்ற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சேன்."

இந்த வார்த்தையை உங்களிடம் சொல்ல எனக்கு எத்தனை வருஷம் இருந்தது. ஒரே வண்டியில் எத்தனை தடவை மலையிறங்கி ஏறியிருக்கிறோம். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன், அதுவும் நீங்கள் இல்லாத பிறகு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா. வெட்கமாக இருக்கிறது.

அவரை வீட்டுக்கு அழைத்துப்போனேன். அக்கா களி கிண்டிக் கீரை கடைந்து போட்டாள். கொண்டுவந்த மக்ரூனை அவர் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். நான் சொன்னதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து கேட்டார், போட்டுக் கொடுத்தேன். நான் கையை விரித்ததையும் எழுதச் சொன்னேன். வேண்டாம் என்றார். எழுதினால்தான் கையெழுத்து என்றேன்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நாங்கள் பேசி எழுதியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அப்போ அவரு நெசமாவே பாத்தாராடா?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அவரு எங்கிட்ட சொல்ல வந்தப்போல்லாம் நான் சிரிச்சேனேடா. நீ சிரிச்சியேன்னு நானும் சிரிச்சேன். உனக்குத் தெரியுமுன்னா என்னை ஏன்டா சிரிக்க வெச்ச?"

கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று கடல்மேல் நின்றது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒருநாளும் பேசமாட்டேன், அது உங்கள் வேலைக்கே அடுக்காது. ஆனால் நீங்கள் பார்த்தீர்கள். இனிமேல் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நீங்கள் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொல்வேன். நம்பிக்கொண்டே சிரித்தவன் ஒருத்தன் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அக்கா என்னோடு இன்னும் பேசவில்லை. அவள் பேசும்வரை அவள் வாசலில்தான் இருப்பேன்.

அன்றே நம்பி, இன்றுதான் சொல்லும்
உங்கள் மச்சான்,
சடையன்