ஸ்வாப்புக்கு இரண்டு ஜிபி

திலக்ஷனின் அப்பாவுக்கு,

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். அத்தைக்கு முதலில் கொடுங்கள்.

நேற்று மழையில் கரண்ட் போனதும் கம்ப்யூட்டரை உறங்க வைத்தேன். மெமரியில் உள்ளதை டிஸ்கின் ஸ்வாப் இடத்தில் இறக்கிவிட்டுத்தான் அது உறங்கும். மெமரி எட்டு ஜிபி. என்னைக் கேட்காமல் ஸ்வாப்புக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டு. இறக்க இடமில்லாமல் முழித்துக்கொண்டே கிடந்து, பத்து நிமிடத்தில் பெட்டரி செத்துவிட்டது. புது வீட்டுக்காக நம் லயத்து வரிசை வீட்டாருக்கு நான் தட்டி வைத்திருந்த பதினொரு விண்ணப்பமும் போச்சு. சேமிக்காதது என் தப்புதான். ஆனால் உங்கள் கிரிக்கெட் வீடியோவுக்கு மட்டும் நூறு ஜிபியா?

கேட்டால், "இருக்கிற எடமே பத்தல, எங்கருந்து குடுக்கிறது?" என்றீர்கள். உங்களைப் பெற்ற அத்தையின் பெயரை நம் விண்ணப்பத்தில் வேண்டாம், அண்ணன் வீட்டு விண்ணப்பத்தில் போடட்டும் என்றபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்து எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போவதற்குள் அவர்களிடம் மறுபடி விபரம் கேட்டு எழுத வேண்டும், போகிறேன். நான் வருவதற்குள் வீடியோக்களை அழித்து ஸ்வாப்பைப் பத்து ஜிபி ஆக்கி வையுங்கள்.

லோகேஸ்வரி

பி.கு. நம் விண்ணப்பத்தைக் கையாலேயே எழுதி முடித்துவிட்டேன். அத்தையின் பெயர் அதில்தான் இருக்கிறது. நானும் உங்களைக் கேட்கவில்லை.