சுகமாயிருந்தால் நட்டம்

மாசி 25, செவ்வாய்

தரம் ஒன்பதின் கட்டுரைகள் இன்னும் திருத்தி முடியவில்லை. "எனது இலட்சியம்" என்று கொடுத்தது என் பிழை. பாதிப் பேர் வைத்தியர், மீதிப் பேர் கனடா.

செல்வநாயகம் சேர் தொலைபேசியில் கூப்பிட்டார். சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பட்டிமன்றம். வழக்கம்போல் அவர்தான் நடுவர். தலைப்பு: "அரசின் புதிய மருத்துவக் காப்புறுதி மக்களுக்கு ஆறுதலா, ஏமாற்றா?" கூலிவேலை செய்பவர்களும் தோட்டக்காரரும் மாதாமாதம் சிறு தொகை கட்ட வேண்டுமாம். வருத்தம் வந்தால், ஆசுப்பத்திரியில் இல்லாமல் வெளியில் வாங்கும் மருந்து, சாமான்களுக்கும், படுத்துக்கிடக்கும் நாட்களின் கூலிக்கும் காசு தருவார்களாம். கேட்க நல்ல விஷயம்தான். ஆனால் துண்டு குலுக்கியதில் எனக்கு விழுந்தது "ஏமாற்றே."

இவருக்குச் சொன்னேன். (குகதாசன் என்று பெயரை எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போலிருக்கிறது.) விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்ரை அக்ரஹாரவிலைதானே என்ரை பித்தப்பைக் கல்லை எடுத்தவங்கள்? நீயோ காப்புறுதி வேண்டாமெண்டு பேசப்போறாய்?"

உண்மைதான். ஆசிரியர் என்றபடியால் என் சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்கு வெட்டுகிறார்கள். தையில் தனியார் ஆசுப்பத்திரியில் செய்த சத்திரசிகிச்சைச் செலவு அதிலிருந்துதான் திரும்பி வந்தது.

"பட்டிமன்றம்தானே," என்றேன்.

பங்குனி 1, சனி

வென்றுவிட்டோம்! மண்டபம் கொள்ளாத சனம். தொண்டை கட்டிவிட்டது, இஞ்சிக் கோப்பி குடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லாரையும் விழுத்தியது ஒரு பகிடிதான். முதல் நாள் சட்னி அரைக்கும்போது வந்தது. "இந்தத் திட்டத்திலை வருத்தம் வந்தால் லாபம். சுகமாயிருந்தால் நட்டம். இனி ஆரும் உங்களை 'எப்பிடிச் சுகம்?' எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்? 'என்னத்தைச் சொல்ல, நட்டத்திலை ஓடுது!'" அவ்வளவுதான். எதிரணியில் இருந்த ஆள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கோபிசங்கர் கதிரையால் விழப்பார்த்தான்.

கோபிதான் எங்கள் ஊர் விழாக்களுக்கெல்லாம் மைக்செற் கட்டுகிறவன். என்னிடம் படித்தவன். படிப்பு ஏறவில்லை, சிரிப்பு மட்டும் நன்றாக வரும். "ரீச்சர், முழுக்க ரெக்கோட் பண்ணிப்போட்டன், எல்லாருக்கும் அனுப்பப்போறன்," என்றான்.

அனுப்பட்டும்.

பங்குனி 4, செவ்வாய்

சந்தையில் மரக்கறிக்காரி: "ரீச்சர், எப்பிடி? நட்டத்திலை ஓடுதோ?" கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி 9, ஞாயிறு

இன்று சனசமூக நிலையத்தில் காப்புறுதிக்குப் பதிவு. எங்கள் கிராம அலுவலர், விதானையார் கேதீஸ்வரி மேசை போட்டுக் காத்திருந்தா. நான் நூலகப் புத்தகம் கொடுக்கப் போனேன். மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், ஆனால் பதிய இல்லை, கதைக்கத்தான்.

ஞானாம்பிகை அக்கா: "பெரியாஸ்பத்திரி தர்மத்துக்குத்தானே பாக்குது. மிச்சத்துக்கு எனக்கு இலண்டனிலை பிள்ளையள் இருக்கினம்."

தோட்டக்கார முருகேசு அண்ணை: "சண்டை நேரம் ஆமி வீட்டுக்கு வீடு பேர் பதிஞ்சதை மறந்திட்டியளோ? பேர் குடுக்கிறது லேசு. பிறகு ஆர் என்னத்துக்குத் தேடி வருவினம் எண்டு தெரியாது."

 தேடி வரமாட்டார்கள் என்று யார் சொல்லமுடியும்? பிறகு ஒரு பெடியன் "நட்டத்திலை ஓடுது!" என்று கத்த எல்லாரும் சிரித்தார்கள். கேதீஸ்வரி என்னைப் பார்த்து, "உங்கடை புண்ணியத்திலை எனக்கு இண்டைக்கு வேலை குறைவு, ரீச்சர்," என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

படலையடியில் கோபியின் மனிசி சுபாஜினி வந்துகொண்டிருந்தாள். கையில் சின்னப் பேர்ஸ். "இவர் வேண்டாமெண்டு பகிடி பண்ணுறார் ரீச்சர். எனக்கெண்டால் கட்டினால் நல்லதெண்டு படுது. நீங்கள் கட்டினீங்களோ?"

"நான் கட்டேல்லை," என்றேன்.

அவள் பேர்ஸைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

பொய் சொல்லவில்லை. நான் இதைக் கட்டவில்லைத்தான். அரசாங்க உத்தியோகத்தருக்கு இது இல்லை. அதை ஏன் சொல்லவில்லை? பகிடிக்காரி என்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்பை விட மனமில்லை. வேறென்ன.

வைகாசி 6, செவ்வாய்

கோபி விழுந்துவிட்டான். அளவெட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பனையில் ஏறி ஒலிபெருக்கி கட்டும்போது ஏணி சறுக்கியதாம். இவர் வந்து சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை. தொடை எலும்பு முறிவுதான்.

எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் சின்னப் பேர்ஸ்தான்.

வைகாசி 8, வியாழன்

ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தோம். கால் இழுத்துக் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"ரீச்சர், கடைசியிலை எனக்கு லாபம் வந்திட்டுது. ஆனால் பாருங்கோ, காசு கட்டேல்லை!"

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். கோபிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இவரும் சிரித்தார், பாவம், என்ன செய்வார்? சுபாஜினி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

வைகாசி 9, வெள்ளி

நான் கட்டேல்லை. நான் கட்டேல்லை. வாய் கூசாமல் சொன்னனே.

வைகாசி 17, சனி

எலும்புக்கு வைக்கிற பிளேற் வெளியில் வாங்கித் தரவேண்டுமாம். வாங்கும் வரைக்கும் சத்திரசிகிச்சை தள்ளிப்போகிறது. உழைக்கிறவன் கட்டிலில், வீட்டில் சின்னப்பிள்ளை. ஊரில் சேர்க்கிறார்கள். ஆனால் கோபிக்கு வெளிநாட்டில் ஆருமில்லை. அப்படி ஆள் இல்லாதவனுக்குச் சேர்வது எங்கள் ஊரில் மெதுவாகத்தான்.

ஒரு என்வலப்பில் காசு வைத்துக்கொண்டு போனேன். சுபாஜினி வாங்கவில்லை. முற்றம் கூட்டுவதையும் நிற்பாட்டவில்லை.

"உதவி எண்டால் வாங்குவன் ரீச்சர். எல்லாரிட்டையும் வாங்கிறன்தானே. ஆனால் நீங்கள் உதவிக்கு வந்த மாதிரித் தெரியேல்லை. என்னவோ மனம் சுட்டு வந்த மாதிரிக் கிடக்கு. என்னெண்டு சொல்லிப்போட்டுத் தாங்கோ."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என்வலப் இன்னும் கைப்பையில் கிடக்கிறது. மேடையில் இவ்வளவு வாய் காட்டுகிறவள், ஒரு முற்றத்தில் நின்று ஒரு வசனம் சொல்ல முடியாமல் வந்திருக்கிறேன்.

வைகாசி 18, ஞாயிறு

என்வலப்பை இவர் கையில் கொடுத்துவிட்டேன். இவரிடம் வாங்கினாளாம்.

ஆனி 20, வெள்ளி

பாடசாலைப் பரிசளிப்பு விழா. மைக்செற்காரன் வேறு ஊர். பெட்டிகளைப் பார்த்தேன். "கோபி சவுண்ட்ஸ்" என்று எழுதியிருந்த இடத்தில் கறுப்பு மை அடித்து மேலே வேறு பெயர். கோ-வின் கொம்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

விற்றுத்தான் பிளேற் வாங்கியிருக்கிறார்கள். என் பகிடியை ஊர் முழுக்கக் கேட்கச்செய்த பெட்டிகள். வரவேற்புரை என்னுடையது. அந்த மைக்கைப் பிடிக்கவே கை வரவில்லை. எப்படியோ வாசித்து முடித்தேன்.

இவர் சொல்கிறார், "உன்னாலை மட்டுமே? அவன் தானாக் கட்டேல்லை. முருகேசு அண்ணை சொன்னதாலும் ஆக்கள் கட்டேல்லை." சரிதான். ஆனால் முருகேசு அண்ணை தான் நம்பியதைச் சொன்னார்.

ஆடி 13, ஞாயிறு

கோபி ஊன்றுகோலுடன் நடக்கிறான். கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. சத்திரசிகிச்சை பிந்தினதாலோ, அந்த முறிவு அப்படித்தானோ, எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது ஆறுதலாக இல்லை.

ஆவணி 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கோபி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன், அதையும் எழுதத்தான் வேண்டும். "சுபா, எனக்கு வேறை காப்புறுதி இருக்கு. சம்பளத்திலை வெட்டுறவை. அண்டைக்குக் கேக்கேக்கை நான் அதைச் சொல்லேல்லை."

"தெரியும் ரீச்சர்."

"எப்பிடி?"

"குகதாசன் அண்ணை ஆசுப்பத்திரியிலை இவரோடை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை சொன்னவர். தன்ரை ஒப்பறேசனுக்குக் கைக்காசு போகேல்லையாம், ரீச்சரின்ரை அக்ரஹாரவாலை சரி வந்ததாம். அவர் நல்ல மனிசன், ஒண்டும் நினைச்சுச் சொல்லேல்லை."

அப்படியென்றால் முற்றத்தில் கேட்டபோது? அவளுக்கு அப்போதே தெரியும். என் வாயால் கேட்கக் காத்திருந்திருக்கிறாள்.

"இவர் பகிடிக்குச் சிரிக்கிற ஆள். நான் பகிடிக்காகத் திரும்பேல்லை ரீச்சர். படிச்ச மனிசியே கட்டேல்லை எண்டபடியால்தான் திரும்பினனான்."

மன்னிப்புக் கேட்டேன். உடுப்பைப் பிழிந்து உதறினாள். "என்னட்டைக் கிணத்தடியிலை சொல்லி என்ன? அந்தப் பகிடியை மைக்கிலைதானே சொன்னனீங்கள்."

கார்த்திகை 6, வியாழன்

திரும்பவும் பதிவு வைக்கப்போகிறார்கள் என்று கேதீஸ்வரி சொன்னா. செல்வநாயகம் சேரிடம் போய், பதிவுக்கு முன்னர் மைக்கில் கொஞ்ச நேரம் பேச விடும்படி கேட்டேன்.

"பட்டிமன்றத்திலை பேசினதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கிறதோ பிள்ளை? உதை ஆர் உண்மையெண்டு எடுக்கிறது?"

"கோபி எடுத்தவன், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார்.

கார்த்திகை 16, ஞாயிறு

பேசினேன்.

எழுதிக்கொண்டு போகவில்லை. அக்ரஹார பற்றிச் சொன்னேன், இவருடைய பித்தப்பைக் கல்லைச் சொன்னேன், படலையடியில் சுபாஜினிக்குச் சொன்னதைச் சொன்னேன். கோபி பெயர் சொல்ல அவனிடமே அனுமதி கேட்டிருந்தேன்.  பகிடி ஒன்றும் இல்லை. பின்வரிசையில் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். நான் பேசிய பேச்சுக்களில் ஆக மோசமானது இதுதான்.

முடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "இண்டைக்கு எந்தப் பக்கத் துண்டு விழுந்தது, ரீச்சர்?"

மண்டபமே சிரித்தது. பங்குனியில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு.

 என்னத்தைச் சொல்ல? நான்தானே பழக்கினது. எந்தப் பக்கமும் பேசுவாள், நல்லாப் பேசுவாள் என்று. இனி நான் "வீடு எரியுது" என்றாலும் கை தட்டுவார்கள்.

கோபி சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஊன்றுகோலைக் கதிரையில் சாத்தி வைத்திருந்தவன், அதை எடுத்து ஊன்றி எழும்பி, பதிவு மேசையடிக்குப் போனான். சுபாஜினி பின்னால் போனாள். அதற்குப் பிறகு மரக்கறிக்காரி, இன்னும் சில பேர். மண்டபத்தில் வந்திருந்த சனத்துக்கு அது கொஞ்சம்தான். முருகேசு அண்ணை போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மார்கழி 4, வியாழன்

செல்வநாயகம் சேர் தைப்பொங்கல் பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டார். வரவில்லை என்று சொன்னேன். என்னிடம் அவர் காரணம் கேட்கவில்லை.

மாசி 14, சனி

சந்தையில் சுபாஜினியைக் கண்டேன். அந்த ஞாயிறுக்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றாள். போவதா நிற்பதா என்று நான் யோசிக்க, அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பிடிச் சுகம், சுபா?" வேறொன்றும் வாயில் வரவில்லை. கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது.

அவள் வெங்காயத்தைத் தராசில் போட்டாள்.

"காசு மாதாமாதம் கட்டுறம். இவரின்ரை கால் இனி அப்பிடித்தான். இப்ப மைக்செற்காரர் ஒராளுக்குக் கீழை சம்பளத்துக்கு நிக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் தடிமன்கூட இல்லை." பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "நட்டத்திலை ஓடுது, ரீச்சர்," என்றாள்.

முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் தெரியவில்லை.

"ஓடட்டும்," என்றேன்.

வெங்காயம் வாங்கத்தான் போயிருந்தேன். வாங்காமல் வந்துவிட்டேன்.